மனநோய் கண்டவர் வீடு திரும்பினால், வீட்டில் எப்படிப் பேசுவது?



இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு என்றால் பிரட்டுக் களத்திலேயே என்னை நிறுத்திக் கேட்கிறீர்கள். வீட்டில் ஒருவருக்கு மனநோய் என்றால் மட்டும் இருட்டின பிறகு, பின்பக்கமாக வந்து கதவைத் தட்டுகிறீர்கள். "டாக்டரய்யா, வெளியில சொல்லிடாதீங்க" என்ற பேச்சோடுதான் ஆரம்பிக்கிறது. நான் டாக்டர் இல்லை, ஹெச்.ஏ.தான் என்று எத்தனை முறை சொன்னாலும் நீங்கள் கேட்கப் போவதில்லை. போகட்டும்.

2012-இல் அப்படி ஒரு குலை வெட்டும் தோழர் என்னிடம் வந்தார். கிள்ளான் பக்கம், நான் அப்போது வேலை பார்த்த தோட்டம். அவருடைய மகனுக்கு இருபத்து மூன்று வயது. காதில் யாரோ பேசுவதாகச் சொல்லி, ராத்திரியெல்லாம் தூங்காமல், பக்கத்து வீட்டார் சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்று தகராறு செய்து, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, குணமாகித் திரும்பியிருந்தான். சத்தம் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் பகல் பன்னிரண்டு மணி வரை படுக்கை. குளிப்பதில்லை. நாலு வார்த்தை பேசுவதில்லை. "தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குறான். என்னா செய்யறது?" என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "செல்லம் குடுக்காதீங்கண்ணே. கண்டிச்சு வைங்க. ரெண்டு நாளைக்குச் சோறு இல்லன்னா தானா எழுந்திரிப்பான்." பெரிய புத்திமதி சொன்ன திருப்தியோடு அவரை அனுப்பி வைத்தேன்.

அவரும் கண்டித்தார். காலையில் கத்தினார், வேலை முடிந்து வந்து கத்தினார், சனிக்கிழமை தண்ணி போட்டுவிட்டு இன்னும் கூடக் கத்தினார். ஐந்தாம் மாதம் பையன் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனான்.

நான் சொன்னது தவறு. அது தவறு என்று காட்டும் ஆராய்ச்சிகள் அதற்கு ஐம்பது வருடத்துக்கு முன்னாலேயே ஆரம்பமாகிவிட்டன. எனக்குத்தான் தெரியவில்லை. பிற்பாடு ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதை உங்களுக்கும் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

முதலில் நோயைப் பற்றி இரண்டு வார்த்தை. மனச்சிதைவு என்பது மூளையில் வரும் நோய். இல்லாத குரல் கேட்பது, இல்லாத சதியை நம்புவது ஒரு பக்கம். ஆசை, சுறுசுறுப்பு, பேச்சு எல்லாம் வற்றிப் போவது இன்னொரு பக்கம். செய்வினையும் இல்லை, வளர்ப்புக் குற்றமும் இல்லை. 1948-இல் அமெரிக்காவில் ஒரு டாக்டரம்மா, தாயின் குணம்தான் பிள்ளைக்கு இந்த நோயைக் கொண்டுவருகிறது என்ற கருத்தில் எழுதினார். எத்தனையோ தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். அது உண்மையில்லை என்று பிறகு தெளிவாகிவிட்டது. கீழே நான் எழுதுவதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் "என்னால்தான் வந்தது" என்று அழ வேண்டாம். நோய் எப்படி வந்தது என்பது வேறு கேள்வி. வந்து குணமான நோய் திரும்பி வருமா, வராதா என்பதைத்தான் நான் இங்கே பேசுகிறேன்.

1950-களில் குளோர்புரோமசின் என்ற மாத்திரை வந்தது. அதுவரை வருடக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வீடு திரும்ப ஆரம்பித்தார்கள். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியல் ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும், அப்படிப் போனவர்களில் யார் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். 1958-இல் வெளிவந்த அந்தக் கணக்கு எல்லாரையும் திகைக்க வைத்தது. பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிப் போனவர்களுக்குத்தான் நோய் அதிகமாகத் திரும்பியிருந்தது. வாடகை அறையில் தங்கினவர்களும் அண்ணன், அக்காள் வீட்டுக்குப் போனவர்களும் அவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

பாசம் உள்ள இடத்தில் ஏன் அப்படி? அதைக் கண்டுபிடிக்க அவர்கள் ஒரு முறை வகுத்தார்கள். நோயாளியை வெளியே வைத்துவிட்டு, தாயையோ தகப்பனையோ மனைவியையோ தனியாக உட்கார வைத்து நீண்ட நேரம் பேச விட்டார்கள். அதை டேப்பில் பிடித்து, பிறகு திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சொன்ன விஷயத்தோடு, சொன்ன தொனியையும் எண்ணினார்கள். "அவன் காலையில எழுந்திருக்க மாட்டேங்குறான்." இந்த வாக்கியத்தை நீங்களே இரண்டு விதமாகச் சொல்லிப் பாருங்கள். ஒரு விதத்தில் கவலை தெரியும். இன்னொரு விதத்தில் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்கும். அந்த இரண்டாவதைத்தான் குறை சொல்லுதல் என்று கணக்கு வைத்தார்கள். 'இவன் செத்தாத்தான் எனக்கு நிம்மதி' என்பது போல ஆளையே வெறுக்கும் பேச்சைப் பகைமை என்றார்கள். மூன்றாவது ஒன்றும் உண்டு. அது அளவு மீறின ஒட்டுதல்.

இந்த மூன்றாவதை நான் சின்னப் பையனாக இருந்தபோதே பார்த்திருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் என் அத்தை குடியிருந்த ரயில்வே குவாட்டர்ஸ் வரிசையில் ஓர் அம்மா இருந்தார். முப்பது வயது மகனுக்குச் சோறு ஊட்டுவார், தலை வாரி விடுவார், கடைக்குத் தனியாகப் போக விடமாட்டார். தானும் கோயில், கல்யாணம் என்று எங்கேயும் போனதில்லை. அந்த அம்மாவைத் தெய்வம் என்று எல்லாரும் சொன்னோம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு மூச்சு விட இடமில்லாமல் போயிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அந்த வீடுகளையே இடித்துவிட்டார்கள். பேசி என்ன?

1976-இல் கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் இருவரும் லண்டனில் எடுத்த கணக்கை, அதற்கு முன் 1972-இல் வந்த கணக்கோடு சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 128 நோயாளிகள். வீடு திரும்பி ஒன்பது மாதம் ஆனபோது, குறையும் பகையும் அளவு மீறின ஒட்டுதலும் நிறைந்த வீடுகளில் நூற்றுக்கு 51 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. அமைதியான வீடுகளில் நூற்றுக்கு 13 பேருக்குத்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இதைக் கவனமாகப் படியுங்கள். சத்தம் போடும் வீடு, வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு இருப்பது, மருந்தும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் மறுபடி விழுந்தார்கள். அதே மாதிரி வீடுதான், ஆனால் மருந்து உண்டு, ஒன்றாக இருக்கும் நேரமும் 35 மணிக்குக் குறைவு என்றால் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர்தான். அதாவது தகப்பனுடைய சுபாவம் ஒரே நாளில் மாறாவிட்டாலும், மருந்தும் கொஞ்சம் இடைவெளியும் பிள்ளையைக் காப்பாற்றுகின்றன.

இந்த 35 மணி நேரத்தைப் படித்ததும் எனக்கு நம் ஜனங்கள் ஞாபகம்தான் வந்தது. லயத்து வீடு சின்னதாக இருந்தாலும் வாசல் பெரியது. நோய் கண்ட பையன் மாட்டை ஓட்டிக்கொண்டு போவான், கோயில் மரத்தடியில் உட்காருவான், சித்தப்பா வீட்டில் சாப்பிடுவான். தோட்டம் போய் பிளாட்டு வந்த பிறகு? புத்ராஜெயா எழும்பியபோது பிராங் பெசார் தோட்டத்து மக்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா பிளாட்டுகளுக்குப் போனார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தோட்டங்களின் கதை அதுதான். பிளாட்டில் மாடும் இல்லை, மரத்தடியும் இல்லை. தாயும் மகனும் ஒரே ஹாலில், காலை முதல் ராத்திரி வரை. 35 மணி என்பது மூன்று நாளிலேயே முடிந்துவிடும்.

இந்தியாவிலும் இதைச் சோதித்தார்கள். சண்டிகரில் செய்த ஆய்வு 1987-இல் வெளிவந்தது. லண்டனில் ஏறக்குறைய பாதி வீடுகள் சத்தம் போடும் வீடுகள் என்றால், சண்டிகரில் நாலில் ஒரு வீடுதான் அப்படி இருந்தது. கிராமத்தில் இன்னும் குறைவு. உடனே நம் குடும்பப் பண்பாடு உயர்ந்தது என்று கை தட்ட வேண்டாம். பகைமைப் பேச்சு இருந்த வீடுகளில் அங்கேயும் நோய் அதிகமாகத் திரும்பியது. நம் நாட்டிலும் கிளந்தானில் 1990-களில் டாக்டர்கள் இதே விஷயத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். மனச்சோர்வுக்கும் இது பொருந்தும். 1989-இல் வெளிவந்த ஓர் ஆங்கிலேய ஆய்வில், மனச்சோர்விலிருந்து மீண்டவர்களிடம் "உங்கள் கணவர், அல்லது மனைவி, உங்களை எவ்வளவு குறை சொல்கிறார்?" என்று கேட்டார்கள். அந்த ஒரே கேள்விக்கு வந்த பதிலை வைத்தே யாருக்கு நோய் திரும்பும் என்று பெருமளவு சொல்ல முடிந்தது. ஆண் தோழர்கள் இன்று ராத்திரி வீட்டில் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

சரி, ஏன் திட்டுகிறோம்? கெட்ட மனதால் அல்ல. குரல் கேட்கிறது என்று பிள்ளை சொன்னால் அது நோய் என்று நமக்குப் புரிகிறது, பரிதாபம் வருகிறது. படுத்தே கிடந்தால் மட்டும் 'இது திமிரு, வேணும்னே செய்யறான்' என்று நினைக்கிறோம். குறை சொல்லும் பேச்சில் பெரும்பகுதி இந்த மாதிரி விஷயத்தைப் பற்றித்தான் என்று ஆராய்ச்சியிலும் கண்டார்கள். ஆனால் எழுந்திருக்க மனம் வராததும் அதே நோயின் பகுதி. அதோடு சில மருந்துகளும் தூக்கத்தைக் கொண்டுவரும், உடம்பைப் பருக்க வைக்கும், கையை நடுங்க வைக்கும். அதை டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தினால் ஆபத்து. தினமும் மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்கு மாத ஊசியும் இருக்கிறது.

பேச்சை மாற்ற முடியுமா என்றால், முடியும். லெஃப் குழுவினர் 1982-இல் அதையும் சோதித்தார்கள். இருபத்து நாலு குடும்பங்கள், எல்லாருக்கும் மருந்து உண்டு. பாதிக் குடும்பங்களுக்கு மட்டும் நோயைப் பற்றிப் பாடம் சொல்லி, மற்றக் குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேச வைத்து, வீட்டுக்கும் போய்ப் பேசினார்கள். ஒன்பது மாதத்தில் இவர்களில் ஒருவருக்குத்தான் நோய் திரும்பியது. மற்றவர்களில் பாதிப் பேருக்குத் திரும்பியது. அதற்கும் முன்னாலேயே, 1950-களில், அமிர்தசரஸ் மனநல ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாசாகர் கூடாரம் அடித்து நோயாளியோடு குடும்பத்தையும் தங்க வைத்தார். வேலூரில் பாகாயம் மனநல மையத்திலும் குடும்பத்தார் கூடவே தங்குவது வழக்கம். நம் ஊரில் 'ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்' என்று சொல்லியே பழகிவிட்டோம்.

வீட்டில் என்ன செய்வது? 'எத்தன தடவ சொல்றது, எருமமாடு மாதிரி' என்பதை விட்டுவிட்டு, 'தம்பி, பத்து மணிக்கு எழுந்து உன் சட்டைய மட்டும் தொவச்சுப் போட்டுடு' என்று சொல்லிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே வேலை, சின்ன வாக்கியம், தணிந்த குரல். பழைய கணக்கை எல்லாம் இழுக்க வேண்டாம். செய்துவிட்டால் 'நல்லாருக்கு' என்று ஒரு வார்த்தை. செய்யாவிட்டால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள், நாளைக்கு மறுபடி கேட்கலாம். குரல் கேட்கிறது என்று சொன்னால் வாதாட வேண்டாம், கேலியும் வேண்டாம். 'எனக்குக் கேக்கலப்பா, உனக்குப் பயமா இருக்கா?' என்று கேட்டாலே போதும். கோபம் முட்டிக்கொண்டு வந்தால் வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். தண்ணி போட்டிருக்கும் நேரத்தில் பிள்ளைக்குப் புத்தி சொல்லவே சொல்லாதீர்கள்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று. வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது வீட்டை விட்டு வெளியே போங்கள். கோயிலோ, பசார் மாலாமோ, தங்கச்சி வீடோ. பிள்ளையையும் தனியாகக் கடைக்கு அனுப்புங்கள். மிச்சக் காசைத் தொலைத்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை.

தூக்கம் கெடுவது, சாப்பாட்டைச் சந்தேகப்படுவது, தனியாகச் சிரிப்பது மறுபடி ஆரம்பித்தால் அடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அரசாங்க கிளினிக்கிலேயே பார்க்கலாம், குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். மனம் கலங்கிப் பேச ஆள் வேண்டுமானால் சுகாதார அமைச்சின் 15555 என்ற போன் எண் இருக்கிறது. சாகப் போகிறேன் என்று சொன்னால் மிரட்டல் என்று எண்ணிவிடாமல் கூடவே இருங்கள், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அந்தக் குலை வெட்டும் தோழரை நான் பிறகு தேடிப் போய்ப் பார்த்தேன். நான் சொன்னது தவறு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "எனக்கும் வேற வழி தெரியலீங்களே" என்றார். இப்போது பையன் மாத ஊசி போட்டுக்கொள்கிறான். காலையில் இரண்டு மணி நேரம் ஒட்டுக்கடையில் மங்கு கழுவுகிறான். தகப்பன் இன்னும் கத்துகிறார், ஆனால் வாசலில் நின்று கத்துகிறார்.

சனிக்கிழமைகளில் மத்தியானத்துக்கு மேல் நான் கிளினிக்கில் சும்மாதான் இருப்பேன். நோயாளியைக் கூட்டி வரவேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள். பின்கதவு வேண்டாம், முன்பக்கமாகவே வரலாம்.