இடக்கைக்கு ஒரு தொழில்

சென்ற வாரம் கீபோட்டின் கட்டைகளைப்பற்றியும், அவற்றின்மீது வலக்கை விரல்கள் நடந்து பழகவேண்டிய முறையைப்பற்றியும் எழுதினேன். இவ்வாரம், அக்கட்டைகளுக்கு இடப்புறத்தே, வாங்கிய நாள்தொட்டு ஒருவர் கையும் படாமல் தூசி படிந்து கிடக்கின்ற இரண்டு சிறு சக்கரங்களைப்பற்றியும், அவற்றுக்கு மேலே நிற்கும் குமிழ்கள் சிலவற்றைப்பற்றியும் சொல்லவேண்டும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய நம் கரையோர ஊர்களிலே, வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பும் வாப்பாமார் ஆசையோடு வாங்கிவருகின்ற இக்கருவியைப் பிள்ளைகள் பயிலும் விதத்தைக் கவனித்திருக்கிறேன். உள்ளே அடங்கிய நூற்றுக்கணக்கான டோன்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மாற்றிக் கேட்பதிலேயே மாதங்கள் கழிகின்றன. ஆயினும் எந்த டோனை எடுத்தாலும் பாட்டு உயிரற்றே ஒலிக்கிறது. குறை டோனில் இல்லை, இடக்கை சும்மா இருப்பதில் இருக்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஆர்மோனியத்தில் இடக்கைக்கு ஓய்வே கிடையாது. வலக்கை ஸ்வரங்களைத் தெரிந்தெடுக்க, இடக்கை துருத்தியை இயக்கி, காற்றைக் கூட்டியும் குறைத்தும் நாதத்துக்கு மூச்சு அளித்தது. நாகூர் ஈ. எம். ஹனீபாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த நம் ஊர்ப் பாடகர்களின் காதுக்கு அந்த ஏற்ற இறக்கம் நன்கு பழகியதே. மின்சாரம் வந்து துருத்தியை நீக்கியபோது இடக்கை வேலையற்றுப் போயிற்று. எனினும் ஆர்மோனியத்துக்கும் ஒரு பெருங்குறை இருந்தது: கட்டைக்கும் கட்டைக்கும் இடைப்பட்ட வெளியிலே அதனால் நடமாட இயலாது, ஆகவே கமகம் அதற்குக் கைவராது. 1940 மார்ச் மாதத்தில் அகில இந்திய வானொலி அதைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கிவைத்ததற்கு இக்குறையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அத்தடை ஓரளவு தளர 1971 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஸ்வரங்களுக்கு இடைப்பட்ட அந்த வெளியை அளந்து பார்த்த பெரியார் ஒருவர் நமக்கு அண்டை ஊரினரே. 1892இல் காரைதீவிலே பிறந்து, கல்முனையிலே கல்வி பயின்று, லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்ற சுவாமி விபுலானந்தர், பல்லாண்டு உழைத்து இயற்றிய யாழ்நூலை 1947 ஜூன் மாதத்தில் அரங்கேற்றி, அடுத்த மாதமே காலமானார். ஒரு ஸ்தாயியை 22 அலகுகளாகப் பகுத்த முன்னோரின் கணக்கு அந்நூலிலே விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. கீபோட்டிலோ ஸ்தாயிக்குப் பன்னிரண்டே கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரே அளவாக 100 சென்ட். தம்பூராவோடு இயல்பாக இழைந்து நிற்கும் அந்தர காந்தாரம் ஆதார ஷட்ஜத்திலிருந்து ஏறக்குறைய 386 சென்ட் உயரத்தில் இருக்க, கீபோட்டின் காந்தாரம் 400இலே நிற்கிறது. அப்பதினான்கு சென்ட் மிகையை, பயின்ற காது உடனே கண்டுகொள்ளும். பண்டை யாழிலும் ஒரு நரம்புக்கு ஒரு ஸ்வரமே உரியது. வீணையில் தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டாக இழுத்து ஸ்வரத்தை அசைக்கலாம். யாழ் வழக்கொழிந்ததற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணம் என்பர் இசையறிஞர். சக்கரத்தைத் தொடாமல் வாசிக்கப்படும் கீபோட் யாழின் நிலையிலே நிற்கிறது. தொட்டு வாசிக்கும்போது வீணையின் வழியிலே சிறிது தூரம் செல்கிறது.

அமெரிக்கரான ராபர்ட் மூக்கின் கம்பெனியார் 1970இல் வெளியிட்ட மினிமூக் என்னும் கருவியிலே, கட்டைகளுக்கு இடப்புறத்தில் இச்சக்கரங்கள் இரண்டும் அமைந்தன. பின்வந்தவர் பலரும் அவ்வமைப்பையே பின்பற்றினர். முதலாவது பிச் பெண்ட். பெரும்பாலான கருவிகளில் இதற்குள்ளே வில் இருப்பதால், கைவிட்டவுடன் தானாகவே நடுநிலைக்கு மீளும். மேலே தள்ளினால் இரண்டு கட்டை ஏற்றம், கீழே இழுத்தால் இரண்டு கட்டை இறக்கம் என்பதே வழக்கமான ஏற்பாடு. மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்வதற்கென 1983இல் வந்த மிடி முறைப்படி இச்சக்கரத்தின் ஓட்டம் 16,384 படிகளாகப் பகுக்கப்படுகிறது. அதாவது, கொள்கையளவில் ஒரு சென்டுக்கு நாற்பது படிகள். சென்னையில் கே. சத்தியநாராயணன் கர்நாடக சங்கீதக் கச்சேரியைக் கீபோட்டிலேயே கமகத்தோடு நிகழ்த்துவது இச்சக்கரத்தின் துணையைக் கொண்டுதான்.

மீலாத் விழா ஒன்றுக்கான ஒத்திகையில் நான் கண்டதைச் சொல்கிறேன். "காக்கா, இந்தப் புல்லாங்குழல் டோன் சரிவருகுதில்ல, வேற போடட்டா?" என்று இளைஞர் ஒருவர் மூத்த கலைஞர் ஒருவரிடம் கேட்டார். "டோன்ல ஒண்டுமில்ல தம்பி, ஒங்கட இடக்கைய மடியில இருந்து எடுங்க" என்று சொல்லி, அந்த மூத்த கலைஞர் அருகில் வந்து அமர்ந்தார். கட்டையை அழுத்துவதற்கு முன்னமே சக்கரத்தைக் கீழே இழுத்துக்கொண்டார், பிறகு காந்தாரக் கட்டையை அழுத்தினார், ஒலித்ததோ ரிஷபம். பெருவிரலைச் சிறிது சிறிதாகத் தளர்த்த, ரிஷபத்திலிருந்து காந்தாரம் மலர்ந்து எழுந்தது. வில்லின் வேகத்துக்குச் சக்கரத்தை விட்டுவிடாமல் அதை விரலால் தாங்கிக்கொண்டே வருவதிலேதான் வித்தை இருக்கிறது. விட்டுவிட்டால் ஸ்வரம் துள்ளிக் குதித்துப் பொய்யாகிவிடும். மருதமுனைத் தறியிலே வலக்கை கயிற்றை இழுத்து நாடாவை ஓட்ட, இடக்கை பலகையை அடித்து இழையை இறுக்குவதுபோல, இங்கும் இரு கைகளுக்கும் இருவேறு தொழில் உண்டு. ஒன்று மாத்திரம் கவனிக்க: அந்த டோனில் அழுத்தியிருக்கும் கட்டைகள் அனைத்தையும் சக்கரம் சேர்த்தே வளைக்கும், ஆதலால் கமகம் வேண்டுமிடத்தில் ஒற்றை விரலே போதும்.

இரண்டாவது சக்கரமாகிய மொடுலேஷன் பெரும்பாலும் ஸ்வரத்துக்கு அதிர்வைத் தருவது. பல கருவிகளில் அதற்கு வில் இல்லை. வைத்த இடத்திலேயே நிற்கும். ஸ்வரம் நிலைகொண்ட பின்னரே அதைச் சிறிது உயர்த்தி, அடுத்த வரிக்கு முன் இறக்கிவிட வேண்டும்.

வளைகுடாச் சந்தைக்கென்று செய்யப்படும் கீபோட்டுகளில் வேறொரு விசேஷம் உண்டு: தனித்தனி ஸ்வரத்தை 50 சென்ட் இறக்குவதற்கான பொத்தான்கள். ராஸ்த் என்னும் மகாமின் (அரபு இசையில் ராகம் போன்றது) மூன்றாம் ஸ்வரம் நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் ஏறக்குறைய நடுவிலே நிற்பதால், இப்பொத்தான் இன்றி அது எளிதில் கைகூடாது. ஹிஜாஸ் என்னும் மகாமுக்கு அத்தேவையில்லை; அதன் முதல் நான்கு ஸ்வரங்கள் நம் மாயாமாளவகௌளையின் முதல் நான்கு ஸ்வரங்களுக்கு மிக நெருங்கியவை. அரபு மெட்டில் பாடப்படும் பைத்துகளை விரும்பும் நம்மவர்கள் இப்பொத்தான்களின் பயனை அறியாமலிருப்பது எனக்கு வருத்தத்தையே தருகிறது.

இனிக் குமிழ்கள். ஒரே சுருதியில் நின்றுகொண்டு 'ஊ' என்று தொடங்கி, வாயை மெல்லத் திறந்து 'ஆ' என்று முடித்துப் பாருங்கள். ஸ்வரம் மாறவில்லை, நிறம் மாறுகிறது. வாய் செய்யும் அவ்வேலையைக் கருவியிலே செய்வது பில்டர். கட்ஓஃப் என்ற குமிழ், எந்த எல்லைக்கு மேற்பட்ட உபஸ்வரங்களைத் தணிப்பது என்று தீர்மானிக்கிறது. ராபர்ட் மூக்கின் புகழ்பெற்ற பில்டரில் அவ்வெல்லைக்கு அப்பால் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 24 டெசிபெல் வீதம் ஒலி தாழும். ரெசொனன்ஸ் என்ற குமிழ் எல்லைக்கருகிலுள்ள உபஸ்வரங்களை எடுப்பாக்கி, ஒலிக்கு மூக்கொலி போன்ற கூர்மையைத் தரும். அளவு மீறினால் சில கருவிகளில் பில்டரே தனியாகச் சீழ்க்கையடிக்கத் தொடங்கும். ஒரு பல்லவியை மங்கிய குரலில் தொடங்கி, கட்ஓஃபை மெல்ல மெல்லத் திறந்துகொண்டே சரணத்துக்குச் செல்வது, டோனை மாற்றுவதினும் பன்மடங்கு அழகுடையது.

ஒலியின் பிறப்பையும் முடிவையும் வகுப்பவை அட்டாக், டிகே, சஸ்டெய்ன், ரிலீஸ் என்னும் நான்கு. இவற்றுள் மூன்று கால அளவுகள். சஸ்டெய்ன் மாத்திரம், கட்டையை அழுத்தியிருக்கும்வரை ஒலி நிற்கவேண்டிய மட்டம். இதைக் காலமென்று எண்ணிக் குமிழைத் திருகுவோர் பலர். பிச் பெண்டைப் பழகுவோர் ரிலீஸை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். அது நீண்டிருந்தால், கட்டையிலிருந்து விரலை எடுத்த பின்னும் ஒலி தேய்ந்துகொண்டே இருக்கும். அவ்வேளையில் சக்கரம் நடுநிலைக்குத் திரும்பினால், தேயும் அந்த ஒலியும் கூடவே இழுபட்டு, சுத்தமாக முடிந்த சங்கதியின் வாலிலே ஓர் அபஸ்வரம் ஒட்டிக்கொள்ளும். ஆகவே கமகத்துக்கென்று வைத்துக்கொள்ளும் டோனில் ரிலீஸைக் குறைத்துவிட்டு, ஒலி முற்றும் அடங்கிய பின்னரே சக்கரத்தை விடுங்கள். கால்மிதியைப்பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.