சர்க்கரை போனது, ‘டயட்’டும் போகிறது

அமெரிக்கக் கடைகளின் குளிர்பான அடுக்குகளில் ‘டயட்’ என்ற எழுத்துகள் குறைந்துகொண்டே வருகின்றன. இளஞ்சிவப்பு டின்னில் அறுபதுகளிலிருந்து விற்றுவந்த ‘டேப்’ பானத்தை நிறுத்துவதாக 2020 அக்டோபரில் கோகோ கோலா அறிவித்தது. மறு ஆண்டு, செவன் அப், கனடா டிரை முதலியவற்றை விற்கும் கியூரிக் டாக்டர் பெப்பர் நிறுவனம் தன் ‘டயட்’ வகைகள் பலவற்றுக்கு ‘ஜீரோ சுகர்’ என்று பெயர் சூட்டியது. சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பூட்டி என்ற அடிப்படையில் மாற்றமில்லை. டின்னின் முகப்புதான் மாறியது. டயட் என்றாலே பத்தியமும் எடை பார்க்கும் கருவியும்தான் இளைஞர்களுக்கு நினைவுக்கு வருகின்றன என்பது நிறுவனங்களின் கணக்கு.

இந்தப் பானங்கள் நோயாளிகளுக்காகப் பிறந்தவை. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சோடா தயாரித்துவந்த ஹைமன் கிர்ஷ், சர்க்கரை நோயாளிகளுக்காக 1952இல் ‘நோ-கால்’ பானத்தைக் கொண்டுவந்தார். அதற்கு இனிப்பு தந்தது சைக்ளமேட். நோயாளிகளைவிட உடல் மெலிய விரும்பியவர்கள் அதை விரும்பி வாங்கியதும், பெரிய நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. 1958இல் ‘டயட் ரைட்’, 1963இல் ‘டேப்’, 1964இல் ‘டயட் பெப்சி’ என வரிசையாக வந்தன. மருத்துவத் தேவை பின்னுக்குப் போய், ஒல்லியான இடுப்பு விளம்பரங்களுக்கு வந்தது.

பிறகு இனிப்பூட்டிகள் மீதே சந்தேகம் விழுந்தது. எலிச் சோதனைகளில் சிறுநீர்ப்பைக் கட்டிகள் தென்பட்டதால், 1969இல் அமெரிக்க அரசு சைக்ளமேட்டுக்குத் தடை அறிவித்தது. அடுத்து சாக்கரினுக்கும் அதே குற்றச்சாட்டு. 1977இல் அதைத் தடை செய்ய உணவு, மருந்து நிர்வாகம் முனைந்தபோது, மிச்சமிருந்த ஒரே இனிப்பூட்டியும் போய்விடுமே என்று நுகர்வோர் கொதித்தார்கள். நாடாளுமன்றம் தடையை ஒத்திவைத்து, ஆய்வக விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் இதில் இருக்கிறது என்ற எச்சரிக்கையை லேபிளில் அச்சிடச் சொன்னது. எலிகளில் கட்டி உருவான விதம் மனிதர்களுக்குப் பொருந்தாது என்று பின்னர் தெரியவந்து, 2000இல் அந்த எச்சரிக்கை நீக்கப்பட்டது. அதுவரை, எச்சரிக்கையைக் கையில் பிடித்தபடியே லட்சக்கணக்கானோர் குடித்தார்கள்.

1982இல் வந்த டயட் கோக் சந்தையையே மாற்றியது. ஆனால் ‘டயட்’ பெண்களுக்கானது என்ற எண்ணம் ஆண்களிடம் ஊறியிருந்தது. 2005இல் அறிமுகமான கோக் ஜீரோ, அந்த ஆண்களைக் குறிவைத்தே வடிவமைக்கப்பட்டது. 2011இல் ‘டாக்டர் பெப்பர் டென்’ இன்னும் ஒரு படி மேலே போய், இது பெண்களுக்கு அல்ல என்றே விளம்பரம் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டது.

முகப்பில் எதைப் போட்டாலும் சிக்கல்தான் என்பதற்கு டயட் பெப்சி சாட்சி. அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டி மீதான அச்சத்தைப் பார்த்து, 2015இல் அதை நீக்கி சுக்ரலோஸ் என்ற இனிப்பூட்டியைச் சேர்த்தது பெப்சி நிறுவனம். டின்னிலும் அதைப் பெருமையாக எழுதியது. சுவை மாறிவிட்டது என்று வழக்கமாகக் குடிப்பவர்கள் முகம் சுளித்தார்கள். 2016இலேயே அஸ்பார்டேம் கலந்த வகை திரும்பி வந்தது.

‘டயட்’ என்று எழுதியிருந்ததை நம்பினோம், எடை குறையவில்லை என்று சிலர் நீதிமன்றப் படியும் ஏறினார்கள். சாதாரண வகையைவிடக் கலோரி குறைவு என்றுதான் அந்தச் சொல்லை நுகர்வோர் புரிந்துகொள்வார்கள், எடை குறையும் என்ற வாக்குறுதி அதில் இல்லை என்று 2019இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் அந்த வழக்குகளைத் தள்ளின.

2023இல் உலக சுகாதார அமைப்பிடமிருந்து அடுத்தடுத்து இரண்டு செய்திகள் வந்தன. எடையைக் கட்டுப்படுத்த சர்க்கரையற்ற இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்றது மே மாத வழிகாட்டுதல். ஜூலையில் அதன் புற்றுநோய் ஆய்வு முகமை, அஸ்பார்டேமைப் ‘புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை’ என்ற பிரிவில் சேர்த்தது. அதே நாளில், உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை நிபுணர் குழு மாற்றாமல் விட்டது. 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட, ஒரு நாளில் 9 முதல் 14 டின்களுக்கு மேல் குடிக்க வேண்டியிருக்கும். முதல் செய்தி எடை பற்றியது, இரண்டாவது புற்றுநோய் பற்றியது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டவர்கள் ஏராளம்.

அரசுகளும் ஒரே திசையில் போகவில்லை. பிரிட்டன் 2018 ஏப்ரலில் சர்க்கரை அளவுக்கேற்ற வரியைக் கொண்டுவந்தது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்குக் கீழே இருந்தால் வரி இல்லை. ஸ்காட்லாந்தின் பிரியமான ‘அயர்ன்-புரு’ பானம், சர்க்கரையைப் பாதிக்குக் கீழே குறைத்து இனிப்பூட்டியைச் சேர்த்தது. பழைய சுவையை இழக்க மனமில்லாதவர்கள் பாட்டில்களை வாங்கிப் பதுக்கினார்கள். சர்க்கரையைத் துரத்திய வரி, இனிப்பூட்டியை உள்ளே அழைத்துவந்தது.

மெக்சிகோ அந்தக் கதவையும் பாதி சாத்தியது. 2020 முதல் அங்கே சர்க்கரை மிகுந்த பானங்களின் முகப்பில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை இருக்கும். இனிப்பூட்டி கலந்தவற்றுக்கும் தப்ப வழியில்லை: ‘குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை’ என்ற கறுப்புப் பட்டை முன்பக்கத்திலேயே வேண்டும்.

இந்தியாவில் 2011 லேபிள் விதிகளிலேயே இத்தகைய வாசகம் இருந்தது. இனிப்பூட்டியின் பெயர், குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்ற குறிப்பு, அஸ்பார்டேம் இருந்தால் பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கான எச்சரிக்கை ஆகியவற்றை அச்சிட வேண்டும் என்றன அந்த விதிகள். நடைமுறையில் ‘ஜீரோ’ கொட்டை எழுத்தில் நிற்க, இவை பொடி எழுத்தில் ஒதுங்குகின்றன. வரியோ சர்க்கரையைப் பொருட்படுத்துவதே இல்லை. 2025 செப்டம்பர் முதல், சர்க்கரை சேர்த்த குளிர்பானத்துக்கும் ‘ஜீரோ’ டின்னுக்கும் ஜிஎஸ்டி ஒரே 40 சதவீதம்தான்.