ஒரே லேப்டாப், நான்கு திரை: மாடியில் இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டுமே!

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் மதுரையிலும் மேலூர், திருமங்கலம் வட்டாரத்திலும் நம் ஜமாஅத்துகள் கல்வி வழிகாட்டி முகாம் நடத்துவது வழக்கம். கீழ் ஹாலில் மாணவர்கள், மாடியில் மாணவிகளும் தாய்மார்களும். பேச்சாளர் கீழே நின்று கட்-ஆஃப், கவுன்சலிங் தேதி எல்லாவற்றையும் திரையில் காட்டுவார். மாடிக்குக் குரல் மட்டும் போகும், அதுவும் அரைகுறையாக. பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டியவர்களில் பாதிப்பேர் எதையும் பார்க்காமலே வீடு திரும்புகிறார்கள். இதைச் சரிசெய்யப் புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை.

எல்லாத் திரையிலும் ஒரே படம் போதும் என்றால் லேப்டாப்பில் உள்ள ஒரு எச்டிஎம்ஐ போர்ட்டே போதுமானது. அதில் ஸ்பிளிட்டர் என்ற சிறு பெட்டியை இணைத்தால் ஒரு வழியாக உள்ளே போகும் படம் நான்கு வழியாக வெளியே வரும். டவுன்ஹால் ரோடு கடையில் மறந்தும் 'எச்டிஎம்ஐ ஸ்விட்ச்' என்று கேட்டுவிடாதீர்கள். அது பல கணினிகளை ஒரு திரைக்கு மாற்றிக் காட்டுவது, நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். பேச்சாளர் தன் குறிப்பைத் தான் மட்டும் பார்க்க வேண்டுமானால், விண்டோஸ் பட்டனோடு 'பி' எழுத்தை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' கொடுத்தால் போதும். குறிப்பு லேப்டாப்பிலும் ஸ்லைடு மற்றத் திரைகளிலும் வரும்.

சிக்கல் தூரத்தில்தான். சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டரைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரும், சில நேரம் வரவே வராது. மாடிக்கு எக்ஸ்டெண்டர் ஜோடி வாங்கி, இடையில் 'கேட் 6' நெட்வொர்க் கேபிள் இழுப்பதே சரி.

படத்தைவிட நம்மவர்கள் அதிகம் திண்டாடுவது ஒலியில். விண்டோஸ் சாதாரணமாக ஒரு நேரத்தில் ஒரு கருவிக்குத்தான் ஒலியை அனுப்பும். எச்டிஎம்ஐ செருகியதும் ஒலி டிவிக்கு ஓடிவிடும், ஹால் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். உடனே மைக்செட்காரரைத் திட்டக் கூடாது, பாவம்! திரையின் வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் குறியைத் தொட்டு, ஒலி போக வேண்டிய இடத்தை மாற்றினால் முடிந்தது. ஹெட்போன் துளையிலிருந்து ஒரே ஒயர் மிக்ஸருக்குப் போகட்டும். பேச்சாளரின் மைக்கும் அதே மிக்ஸருக்கு. அங்கிருந்து ஆம்ப்ளிஃபயர், பிறகு கீழும் மேலும் உள்ள ஸ்பீக்கர்கள். டிவிகளின் ஒலியை அணைத்துவிடலாம். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். ஒலி நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பிந்தி வந்து, பக்கத்து ஸ்பீக்கரோடு சேர்ந்து எதிரொலி போலக் குழப்பும்.

ஸ்பீக்கரைக் கூட்டும்போது ஓம் கணக்கைப் பார்க்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் 4 ஓம், நான்கை இணைத்தால் 2 ஓம். பல ஆம்ப்ளிஃபயர்கள் 2 ஓமைத் தாங்காமல் சூடேறிப் பழுதாகும். நீண்ட தூரத்துக்கு 100 வோல்ட் லைன் வகையே நல்லது.

சார்ஜர் செருகினால் 'ங்ங்' என்று இரைகிறதா? லேப்டாப்பையும் மிக்ஸரையும் ஒரே பிளக் பாக்ஸில் செருகிப் பாருங்கள். எர்த் பின்னை மட்டும் ஒடித்துவிடாதீர்கள், அது உயிர்க்காப்பு. ஸ்பிளிட்டர், எக்ஸ்டெண்டர் இரண்டுக்கும் தனித்தனி அடாப்டர் உண்டு. கரண்ட் போனால் அவையும் நிற்கும் என்பதால் டிவிகளோடு அவற்றையும் இன்வெர்ட்டர் லைனில் சேர்க்க வேண்டும்.

முகாமுக்கு முந்தின நாளே எல்லாவற்றையும் இணைத்து, மாடியின் கடைசி வரிசையில் ஒரு சகோதரியை உட்காரச் சொல்லி, ஸ்லைடில் உள்ள தேதிகளை வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்து சிறிது என்று அவர் சொன்னால் ஸ்லைடைத்தான் மாற்ற வேண்டும்.