நாலுக்குக் கீழே போனால் நம்பாதீர்கள்!

எனக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈ.பி. பில் கட்டுவதோடு சரி. பி.காம். படித்தவன். டெபிட் தெரியும், கிரெடிட் தெரியும். பாசிட்டிவ், நெகட்டிவ் எல்லாம் எனக்கு ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டில்தான்!

அப்படிப்பட்ட என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கரன்கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போனான் என் நண்பன். பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவன். மில்களில் மீட்டர் மாட்டுவது அவன் பிழைப்பு.

"சும்மாதானவே இருக்கீரு? வாரும். டூல்ஸ் பையைத் தூக்க ஆள் இல்ல. வேலை முடிஞ்சதும் பிரியாணி வாங்கித் தாரேன்."

சங்கரன்கோவில் பிரியாணி என்றதும் நான் மறுபேச்சில்லாமல் பையைத் தூக்கினேன்.

ஒரு பாதி சிவன், ஒரு பாதி விஷ்ணு என்று சங்கரநாராயணர் நிற்கிற ஊர். ஆடித்தபசுக்குப் போனால் கால் வைக்க இடம் கிடைக்காது. 2019 வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம், அதற்குப் பிறகு தென்காசி மாவட்டம். மாவட்டம் மாறினாலும் மாறாதது விசைத்தறிச் சத்தம். அந்தத் தறிக்குப் போகிற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக் காய வைக்கிற இடத்துக்குப் பெயர் சைசிங் மில். கஞ்சி குடிக்காத நூல், தறியில் ஏறினால் அறுந்துகொண்டே இருக்கும். கஞ்சியில் முங்கி எழுந்த நூல், நீராவியால் சூடேறிய பெரிய உருளைகள் மேல் ஓடிக் காய வேண்டும். நீராவிக்கு ஒரு பாய்லர். பாய்லருக்கு விறகு. விறகு போட ஒரு பெரியவர்.

நாங்கள் போன மில்லில் அந்தப் பெரியவர்தான் முதலில் எங்களிடம் வந்தார்.

"மீட்டர் மாத்த வந்த தம்பியளா? நல்லா பாத்து மாட்டுங்கய்யா. போன மாசம் அது என்னயக் கொல்லப் பாத்துச்சு!"

நடந்தது இது. பாய்லரின் நீராவி அழுத்தத்தைச் சூப்பர்வைசர் அறையில் உட்கார்ந்தபடியே பார்ப்பதற்காக ஒரு டிஜிட்டல் மீட்டர் மாட்டியிருந்தார்கள். ஒருநாள் ராத்திரி 2 மணிக்கு அதில் சிவப்பு எழுத்தில் சைபர்.

"சூப்பர்வைசரு ஓடி வாராரு. 'தூங்கிட்டீரா? பிரஷரு சைபருக்குப் போயிட்டு, விறகைப் போடும்'ங்காரு. நான் பாய்லர்ல இருக்க வட்டக் கேஜைப் பாத்தேன். அஞ்சரையில நிக்கி. சொன்னேன். 'அது கெழட்டு முள்ளு. டிஜிட்டல் பொய் சொல்லுமா'ன்னாரு. முள்ளும் கெழடு, நானும் கெழடு... என்ன செய்ய? போட்டேன்."

கால் மணி நேரத்தில் சேஃப்டி வால்வு திறந்து, ஊரே எழுந்திருக்கிற மாதிரி அலறியிருக்கிறது. நைட் ஷிப்ட் பிள்ளைகள் செருப்பை விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடியிருக்கிறார்கள்.

"வால்வு மட்டும் துருப்பிடிச்சு ஒட்டியிருந்துச்சுன்னா..." என்றவர், மேலே சொல்லாமல் பாய்லரை ஒரு தடவை தடவிக் கொடுத்தார்.

காரணம், ஓர் எலி! கால்வாயில் போட்டிருந்த வயரைக் கடித்துத் துண்டாக்கிவிட்டது. வயர் அறுந்தது, மீட்டர் சைபர் காட்டியது. எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

"வயர் அறுந்தா சைபர்தானவே காட்டும்?"

நண்பன் என்னைப் பார்த்த பார்வையில் என் பி.காம். சர்டிபிகேட் கொஞ்சம் கருகியது.

மிஸ்டு கால் தத்துவம்

"நீரு பாளையங்கோட்டை ஹாஸ்டல்ல இருந்தப்போ, ராத்திரி வீட்டுக்கு என்ன செய்வீரு?"

"ஒரு மிஸ்டு கால் குடுப்பேன். நல்லா இருக்கேன்னு அர்த்தம்."

"குடுக்காட்டி?"

"அம்மா ஊரைக் கூட்டிருவா!"

"அதேதான். சேதி ஒண்ணும் இல்லேன்னாலும் நீரு ஒரு சிக்னல் குடுக்கீரு பாத்தீரா? அதான் இந்த 4 மில்லி ஆம்பியர்."

விஷயம் இதுதான். பாய்லர் மேல் உட்கார்ந்திருக்கிற டிரான்ஸ்மிட்டர் என்ற கருவி, அழுத்தத்தை மின்சாரமாக மாற்றி இரண்டே வயரில் அனுப்புகிறது. அழுத்தம் இல்லையா? 4 மில்லி ஆம்பியர். முழு அழுத்தமா? 20 மில்லி ஆம்பியர். பாதியா? 12. உலகம் முழுக்க உரத் தொழிற்சாலையோ, எண்ணெய்ச் சுத்திகரிப்போ, குடிநீர்த் தொட்டியோ, எல்லா இடத்திலும் இந்தக் கணக்குதான் புழக்கத்தில் இருக்கிறது.

ஏன் வோல்ட்டாக அனுப்பக்கூடாது? வயர் நீளமாக இருந்தால் வோல்ட் வழியிலேயே கொஞ்சம் கரைந்துபோகும். ஆம்பியர் அப்படியில்லை. ஒரே வளையமாகச் சுற்றி வருவதால், கிளம்பியது எவ்வளவோ அவ்வளவும் வந்து சேரும்.

சரி, சைபரில் ஆரம்பிக்காமல் 4-ல் ஏன்? இரண்டு காரணம். ஒன்று, டிரான்ஸ்மிட்டர் உயிர்வாழத் தனி வயர் கிடையாது. அந்த 4 மில்லி ஆம்பியரில்தான் அது சாப்பிட்டாக வேண்டும். நம்ம பாஷையில், பேசிக் பே! இரண்டாவது, வயர் அறுந்தால் மின்சாரம் 4-க்கும் கீழே இறங்கி நிஜமான சைபருக்குப் போகும். ஆகவே 4 என்றால் 'அழுத்தம் இல்லை'. சைபர் என்றால் 'தகவலே இல்லை'. பேங்க் பாஸ்புக்கில் நில் பேலன்ஸ் இருப்பதும், பாஸ்புக்கே தொலைந்துபோவதும் ஒன்றா என்ன?

மின்சாரத்துக்கு முன்னால், காற்றைக் குழாயில் அனுப்பி வேலை வாங்கிய காலத்திலும் இதே புத்திசாலித்தனம் இருந்திருக்கிறது. சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டிலிருந்து 15 பவுண்டு வரை. அங்கேயும் சைபர் என்றால் குழாய் உடைந்துவிட்டது என்று பொருள். 3-க்கு 15, 4-க்கு 20... இரண்டுமே ஒன்றுக்கு ஐந்து. கணக்குப் பிள்ளை மனசுக்கு எவ்வளவு திருப்தி!

இரண்டு கிலோ ஆவி

பழைய மீட்டரை ஆன் செய்தான் நண்பன். வயரை ஏற்கெனவே ஒட்டுப்போட்டு வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, பாய்லர் ஜில்லென்று இருக்கிறது. மீட்டரில் 2.00!

"அது எப்பவும் அப்படித்தான். அணைச்சுப் போட்டாலும் ரெண்டு கிலோ காட்டும். புது மீட்டர்லாம் அப்படித்தான்னு எலெக்ட்ரீஷியன் சொன்னான்" என்றார் முதலாளி.

நண்பன் மெனுவுக்குள் போய்ப் பார்த்தான். குட்டு உடைந்தது. மாட்டியவர், சிக்னல் வகையை '4 முதல் 20' என்று வைக்காமல் '0 முதல் 20' என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பத்து கிலோ ரேஞ்ச். ஆக 4 மில்லி ஆம்பியர் வந்தால் 2 கிலோ. நிஜத்தில் 5 கிலோ இருக்கும்போது 12 வரும், மீட்டர் 6 காட்டும். வயர் அறுந்தால் 0.00 என்று அமைதியாகக் காட்டும், அலாரம் கிடையாது.

இந்த இடத்தில் என் கணக்கு மூளை விழித்துக்கொண்டது. "ஜில்லுன்னு இருக்கும்போதே 2 காட்டுத மீட்டர், ஓடிக்கிட்டிருக்கும்போது எப்படி சைபர் காட்டும்? அன்னைக்கே சந்தேகம் வந்திருக்கணுமேவே!"

"வந்திருக்கணும்" என்றான் நண்பன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத்தான் சந்தேகம் வந்ததே!

புது மானிட்டர் மாட்டும் வேலை ஆரம்பமானது. டிரான்ஸ்மிட்டருக்கும் பாய்லருக்கும் நடுவே பன்றி வால் மாதிரி சுருண்ட ஒரு குழாய். அதில் நீராவி குளிர்ந்து தண்ணீராக நிற்கும். கொதிக்கிற ஆவி நேரே போய்க் கருவியைச் சுடாமல் அந்தத் தண்ணீர் காவல் காக்கும். பிறகு புது கேபிள், இந்தமுறை இரும்புக் குழாய்க்குள். எலியாருக்கு அனுமதி இல்லை. மோட்டார் கேபிள் பக்கத்தில் போனால் சிக்னல் நடுங்கும் என்று தள்ளியே கொண்டுபோனான். கேபிளின் மேல் சுற்றியிருக்கிற கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தான். இரண்டு பக்கமும் செய்தால் தொல்லையை நாமே அழைத்ததாகுமாம்.

அடுத்து செட்டிங். சிக்னல் 4 முதல் 20. ரேஞ்ச் 0 முதல் 10. வழக்கமான ஓட்டம் 5 கிலோ, சேஃப்டி வால்வு 7-ல் திறக்கும். ஆகவே 6.2-க்கு அலாரம்.

"இதுக்கு முன்னாடியும் ஹூட்டர் ஒண்ணு இருந்துச்சு. பிரஷர் கொஞ்சம் மேல கீழ ஆனா போதும், கீ கீன்னு விட்டு விட்டு அடிக்கும். தொல்லை தாங்காம அதுக்குள்ள பஞ்சை அடைச்சு வச்சிட்டோம்" என்றார் முதலாளி, வெட்கமில்லாமல். சைசிங் மில்லில் பஞ்சுக்கா பஞ்சம்!

அதற்கும் மருந்து இருக்கிறது. 6.2-ல் அடித்தால், 5.9-க்கு இறங்கிய பிறகுதான் நிற்க வேண்டும். 5 விநாடி தொடர்ந்து ஏறி நின்றால்தான் அடிக்கவே வேண்டும். இந்த இரண்டையும் வைத்துவிட்டால் வீண் கூச்சல் அடங்கும். வீண் கூச்சல் அடங்கினால்தான் நிஜக் கூச்சலுக்கு மரியாதை.

கடைசியாக முக்கியமான செட்டிங். சிக்னல் 3.6-க்குக் கீழே போனாலும் 21-க்கு மேலே போனாலும், அளவைக் காட்டாதே, கோளாறு என்று கத்து. "இது நாமூர்ங்கிற அமைப்பு சொன்ன கணக்கு" என்றான்.

"நம்மூரா?"

"நாமூர்வே. ஜெர்மனி!"

ரிலேயையும் தலைகீழாக வைத்தான். எல்லாம் நன்றாக இருக்கும்வரை ரிலே இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிடி விட்டால் மணி அடிக்கும். மானிட்டருக்கே கரன்ட் போனாலும் பிடி விட்டுவிடும், அலாரம் வந்துவிடும்.

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "கரன்ட் போனா ஹூட்டருக்கும் கரன்ட் இருக்காதே?"

நண்பன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "அண்ணாச்சி, ஒரு பேட்டரி வாங்கியாரச் சொல்லுங்க. இவரு நல்ல கேள்வி கேக்காரு."

வாழ்க்கையில் முதல்முறையாக பி.காம். ஜெயித்தது.

ஒரு பூட்டு செய்த வேலை

இதெல்லாம் சின்ன ஊர், சின்ன மில் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு என்ற இடத்தில் பெரிய எரிபொருள் கிடங்கு. 2005 டிசம்பர் 11, அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். விடிகாலை. ஒரு தொட்டிக்குள் பெட்ரோல் ஏறிக்கொண்டிருக்கிறது. சுமார் 3 மணிக்கு, அளவு காட்டுகிற கேஜ் அப்படியே நின்றுவிட்டது. பெட்ரோல் ஏறுகிறது, எண் ஏறவில்லை. எவருக்கும் தெரியவில்லை.

அதற்காகத்தான் தனியாக இன்னொரு சுவிட்ச் வைத்திருந்தார்கள். தொட்டி நிரம்பினால் தானே நிறுத்துவதற்கு. அந்த சுவிட்சில் சோதனை செய்ய ஒரு கைப்பிடி. அது சரியான நிலையில் நிற்க ஒரு பூட்டுப் போட வேண்டும். மாட்டியவர்களுக்கு அந்தப் பூட்டின் அவசியம் சரியாகப் புரியவில்லை. பூட்டு போடப்படவில்லை. சுவிட்ச் வேலை செய்யவில்லை. பெட்ரோல் வழிந்து, ஆவியாகிப் பரவி, காலை 6.01-க்கு வெடித்தது. 43 பேருக்குக் காயம். ஞாயிறு விடிகாலை என்பதால் உயிர்ப்பலி இல்லை. இருபதுக்கு மேற்பட்ட தொட்டிகள் எரிந்தன.

கருவி வாங்கினார்கள். காசு செலவழித்தார்கள். மாட்டியபோது ஒரு பூட்டைக் கவனிக்கவில்லை. சங்கரன்கோவிலில் கவனிக்காமல் விட்டது மெனுவில் ஓர் எண்.

நம் நாட்டில் பாய்லருக்கென்றே தனிச் சட்டம் உண்டு. 1923-ல் வந்த சட்டத்தின் இடத்துக்கு 2025-ல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் வருவார், சேஃப்டி வால்வைப் பார்ப்பார், கேஜைப் பார்ப்பார். அவை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தாக வேண்டும். மானிட்டர் அவற்றுக்கு உதவிக்கு வந்த ஆள்தான். ஆனால் ராத்திரி 2 மணிக்கு, தூக்கக் கலக்கத்தில் இருக்கிற மனுஷன் பார்ப்பது அந்தச் சிவப்பு எழுத்தைத்தான்.

பெரியவர் இழுத்த வயர்

மாலையில் பாய்லரை மூட்டினார்கள். வட்டக் கேஜில் முள் 5-ஐத் தொட்டது. மானிட்டரில் 5.02. கிழட்டு முள்ளும் டிஜிட்டலும் முதல்முறையாக ஒன்று சொன்னதைப் பார்த்துப் பெரியவர் சிரித்தார்.

"இப்ப வயரைக் கழத்திப் பாக்கணும்" என்றான் நண்பன். "பெரியப்பா, நீங்களே கழத்துங்க."

"நானா?"

"24 வோல்ட்தான். ஒண்ணும் செய்யாது."

பெரியவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்க்ரூவைத் தளர்த்தி, வயரை மெதுவாக இழுத்தார். எண் மறைந்தது. கோளாறு என்று எழுத்து மின்னியது. ஹூட்டர் கத்திய கத்தலில் முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

பெரியவர் வயரை மறுபடி சொருகினார். சத்தம் நின்றது. மறுபடி கழற்றினார். கத்தியது. மூன்று தடவை!

"போதும் பெரியப்பா" என்றான் நண்பன்.

"இருக்கட்டும் தம்பி. அன்னைக்கு ராத்திரி அடிச்சிருக்க வேண்டியது..."

சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி மட்டும் சொன்னார்: "இனிமே சந்தேகம்னா முதல்ல அவருகிட்ட கேளும்வே."

கிளம்பும்போது இரவு 8 மணி. பிரியாணிக் கடைக்கு ஓடினோம். "முடிஞ்சிட்டு அண்ணே" என்றார் கடைக்காரர்.

நான் விடவில்லை. "நிஜமாவே இல்லையா? சும்மா சொல்லுதீங்களா?"

அவர் அண்டாவை அப்படியே சாய்த்துக் காட்டினார். அடியில் இரண்டு பட்டையும் ஒரு கிராம்பும்.

"இது நிஜமான சைபர்வே" என்றான் நண்பன். "வாரும், புரோட்டா சாப்பிடுவோம்!"