யாக் எருதுக்கு வெயில் ஏன் ஆகாது?

டில்லியின் புசா ரோட்டில், வைகாசி வெயிலில் நடப்பவர்களுக்கு உஷ்ணத்தைப் பற்றி எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. ஆனால் டில்லியின் இதமான மார்கழிப் பகலே துன்பமாகிவிடும் பிராணி ஒன்று உண்டு. அது இமயத்து யாக்.

அடர்ந்த உள்ரோமம் உடற்சூட்டை வெளியே விடாததாலும், வியர்த்துத் தணியும் சக்தி மிகக் குறைவாதலாலும், இரைப்பையில் புல் நொதித்துப் பிறக்கும் வெப்பத்தை அது பெரும்பாலும் மூச்சிரைத்தே போக்க வேண்டியிருக்கிறது. மூச்சிரைக்கும் மிருகம் சரியாக மேய்வதில்லை, மேயாததற்குப் பாலும் இல்லை, சுமை தூக்கும் பலமும் இல்லை. ஆகவே அருணாசலத்தின் ப்ரோக்பா இடையர்கள் கோடைதோறும் மந்தையை உயரத்துக்கு ஓட்டுகிறார்கள். புவி சூடேறச் சூடேற இன்னும் மேலே போக வேண்டும்; மலைக்கோ ஓர் உச்சி உண்டே!

குளிர்காலமும் நம்பத்தக்கதாயில்லை. 2018 டிசம்பர் முதல் பெய்த கடும்பனியில் புல் புதைந்து, வட சிக்கிமின் முகுதாங் முதலிய இடங்களில் சுமார் 300 யாக்குகள் பட்டினியால் மடிந்தன. இதற்குப் புவி வெப்பமே காரணம் என்று சாதிப்பது அவசரம். ருஷ்யாவின் யமாலில் காரணம் இன்னும் தெளிவு: கடற்பனி குறைந்ததால் எழுந்த ஈரம் 2013 நவம்பரில் பனியின்மீது மழையாய்ப் பெய்து, கெட்டியாக உறைந்துவிட, குளம்பால் அதை உடைக்க மாட்டாமல் நெனெத்ஸ் மக்களின் ரெயின்டீர் மான்கள் 61,000 மாண்டன.

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1989இல் அருணாசலத்தின் திராங்கில் நிறுவிய யாக் ஆராய்ச்சி மையத்தால் வெயிலைத் தணிக்க இயலாது. பனிக்காலத்துக்குத் தீவனம் சேமித்துவைக்க வழி செய்யலாம், இன்று செய்யத்தக்கது அதுவே.