பேயைப் பிடிக்கும் கருவிகள்

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிக்குப் போகிற சாலையில், குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கிறது வலங்கைமான். மகாகனம் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார் 1869-ஆம் ஆண்டில் பிறந்த ஊர். ஆனால் பங்குனி மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையன்று அங்கே கூடும் ஜனசமுத்திரம் சாஸ்திரியாரை நினைத்துக்கொண்டு வருவதில்லை. எழுந்து நடக்கும் பிணங்களைப் பார்க்கத்தான் வருகிறது!

கடும் நோயில் படுத்து, "பிழைத்தெழுந்தால் பாடைக் காவடி எடுக்கிறேன், தாயே!" என்று மகாமாரியம்மனிடம் வேண்டிக்கொண்டவர்கள், அன்று ஆற்றில் முழுகித் திருநீறு பூசி, பச்சை மூங்கில் பாடையில் கண்ணை மூடிப் படுத்துக்கொள்கிறார்கள். கை கால்களுக்குக் கட்டும் உண்டு. முன்னால் கொள்ளிச் சட்டி, பறை முழக்கம், நாலு பேர் தோளில் பாடை. கோயிலுக்குப் போனதும் பூசாரி தீர்த்தம் தெளிக்கிறார். செத்தவர் எழுந்து உட்காருகிறார். அருகில் நிற்கும் குழந்தைகள் கூடப் பயப்படுவதில்லை.

இப்படிப்பட்ட சீமையில் பேய்க்கு என்ன மதிப்பு இருக்கப் போகிறது என்று வாசகர்கள் கேட்கலாம். புளிய மரமும் பாழடைந்த சத்திரமும் உள்ள வரையில் பேய்க்கு மதிப்புக் குறையாது. மாறியிருப்பது அதைத் தேடும் முறைதான். உடுக்கையும் வேப்பிலையும் ஏந்திய பூசாரிக்குப் பதிலாக, தோள்பை நிறையக் கருவிகளைச் சுமந்த வாலிபர்கள் நடுநிசியில் புறப்படுகிறார்கள். 2009-இல் டில்லியில் கௌரவ் திவாரி என்பவர் இதற்கென்றே ஒரு சங்கம் கண்டார்.

இந்தப் பைக்கு மூலபுருஷர் ஹாரி பிரைஸ் என்ற ஆங்கிலேயர். பார்லி என்னும் கிராமத்தில் பேய் வீடு என்று பெயரெடுத்த பாதிரியார் பங்களாவை 1937-இல் ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு எடுத்து, பத்திரிகையில் விளம்பரம் செய்து, காவல் இருக்க ஆள் சேர்த்தார். அவருடைய பையில் ஓசைப்படாமல் நடக்கக் கம்பளிக் காலணி, அளவு நாடா, கதவுகளில் வைக்க ஈய முத்திரை, காமிரா, வெப்பமானி, நடுக்கத்தைக் காட்டும் பாதரசக் கிண்ணம் எல்லாம் இருந்தன. யாராவது மயங்கி விழுந்தால் கொடுக்க ஒரு குப்பி பிராந்தியும் இருந்தது. பேய் வந்ததோ இல்லையோ, பிராந்தி வீணாகியிராது என்பது என் அபிப்பிராயம்.

இன்றைய பையில் முக்கியமானது மின்காந்த மானி. உள்ளங்கை அளவுதான், வரிசையாக ஐந்து சிறு விளக்குகள். மின்காந்தப் புலம் வலுக்க வலுக்க விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். "ஆவி வந்துவிட்டது!" என்கிறார்கள். கருவி பொய் சொல்லவில்லை. சுவருக்குள் ஓடும் பழைய மின்கம்பி, கொல்லையில் ஓடும் பம்புசெட்டு, சட்டைப் பையிலுள்ள கைப்பேசி எல்லாவற்றுக்கும் அது விளக்கைக் காட்டும். ஆவிக்கு மின்காந்தப் புலம் உண்டு என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்? அகச்சிவப்பு வெப்பமானி கதையும் இதுவே. அறைக் காற்றில் குளிர்ச்சி தட்டுகிறதென்று அதை நீட்டுகிறார்கள். அதுவோ எதிர்ச் சுவரின் சூட்டைத்தான் அளக்கிறது.

விக் டாண்டி என்ற என்ஜினீயர் மட்டும் கருவியைச் சரியாக உபயோகித்தார். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் இரவில் வேலை செய்தபோது அவருக்கு உடல் வியர்த்தது. ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம் தெரிந்தது. மறுநாள், பற்றிரும்பில் பிடித்து வைத்திருந்த கத்திச்சண்டை வாள் ஒன்று தானாக அதிர்வதைக் கண்டார். ஓடிப் போகாமல் அளந்து பார்த்தார். புதிதாக வைத்த காற்றாடி, காதுக்கு எட்டாத சுமார் 19 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பிக்கொண்டிருந்தது. காற்றாடியைச் சீர்படுத்தியதும் அதிர்வு நின்றது. 1998-இல் இதை எழுதி வெளியிட்டார். எல்லாப் பேய்க்கும் காற்றாடிதான் காரணம் என்று சொல்வதற்கில்லை. அந்த அறைப் பேய்க்கு அதுவே காரணமென்று அவர் முடிவு செய்தார்.

அதற்கும் முன்னால், 1853-இல், மைக்கேல் பாரடே ஒரு கருவி செய்தார். ஆவிகள் மேஜையைச் சுழற்றுகின்றன என்று லண்டன் சீமாட்டிகள் பரவசமடைந்திருந்த காலம். கைகளுக்கும் மேஜைக்கும் நடுவே அட்டைகளையும் உருளைகளையும் வைத்து, ஒரு முள்ளையும் பொருத்தினார். மேஜை நகரும் முன்பே கைகள் தள்ளுவதை முள் காட்டியது. அந்த முள்ளைக் கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தபோது மேஜை அசையவேயில்லை! யாரும் ஏமாற்றவில்லை, தாங்கள் தள்ளுவது அவர்களுக்கே தெரியாது.

இவையெல்லாம் வேடிக்கை. வேடிக்கை அல்லாத கருவி ஒன்று நம் நாட்டில் உண்டு. அது சங்கிலி. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி, இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், பேய் பிடித்ததென்றும் புத்தி பேதலித்ததென்றும் உறவினர் கொண்டு வந்து விட்டிருந்தவர்களின் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியில் கட்டுண்டு கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். வலங்கைமானில் பாடைக் கட்டைக் கோயிலில் அவிழ்த்து விடுகிறார்கள்; ஏர்வாடியில் அவிழ்க்க ஆளில்லை. சங்கிலியிடுவதை 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது.

வீட்டில் ஒரு பெண் தூங்காமல், தனக்குத் தானே பேசி, யாரோ கூப்பிடுவதாகச் சொன்னால், அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போவதை நான் தடுக்க மாட்டேன். போகிற வழியில் அரசாங்க ஆஸ்பத்திரி மனநல டாக்டரையும் பார்த்துவிடுங்கள். டாக்டர் தூரமென்றால், 14416 என்ற எண்ணைத் தொலைபேசியில் கூப்பிடலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.