சேலத்துக்காரர் அமெரிக்கா போன கதை!

சேலத்துக்காரர் ஒருவர் காலை டிபனை முடித்துவிட்டு லேப்டாப் முன்னால் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் ஏதோ ஒரு கோர்ஸ். முதல் நாள் கேள்வி ரொம்ப சுலபம். 'எந்த ஊர்க்காரர் நீங்கள்? உங்கள் வீட்டுக் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது?'

மனிதர் 'சேலம்' என்று தட்டுகிறார். 'மேட்டூர் தண்ணி' என்று பதிலும் எழுதி பட்டனை அமுக்குகிறார். திரையில் உலக வரைபடம் விரிகிறது. அவர் பெயரில் ஒரு சிவப்புக் குண்டூசி பளிச்சென்று குத்தி நிற்கிறது. எங்கே?

அமெரிக்காவில், ஆரிகன் மாநிலத்தில்!

பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை, ஆள் போய் இறங்கியாச்சு. காரணம், ஆரிகனின் தலைநகரத்துக்குப் பெயரே சேலம்தான். போதாததற்கு மாசசூசெட்ஸிலும் ஒரு சேலம் உண்டு. கம்ப்யூட்டருக்கு மாம்பழத்தையும் தெரியாது, மேட்டூரையும் தெரியாது. எது முதலில் கிடைத்ததோ அங்கே குத்திவிட்டது.

'பதிலைப் படித்தால் போதாதா, வரைபடம் எதற்கு ஸார்?' என்று கேட்பீர்கள். சாதாரண வகுப்பில் அறுபது பேர். வாத்தியார் ஒரு பார்வை பார்த்தால் கடைசி பெஞ்ச் வரை தெரிந்துவிடும். ஆனால் 2011-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை அறிவு கோர்ஸில் ஆன்லைனில் பெயர் கொடுத்தவர்கள் சுமார் 1,60,000 பேர்! 2013-ல் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகம் வரைபடங்களைப் பற்றியே நடத்திய கோர்ஸில் 40 ஆயிரத்துக்கும் மேல். அத்தனை பேர் பதிலையும் வரிசையாக அடுக்கினால் இருபதாவது பதிலில் கொட்டாவி வந்துவிடும்.

அதையே வரைபடத்தில் வையுங்கள். கடலோரத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் 'போர் தண்ணி உப்பு கரிக்குது' என்கிறார்களா? ஒரே பார்வையில் தெரிந்துவிடும். 1854-ல் லண்டனில் காலரா பரவியபோது டாக்டர் ஜான் ஸ்னோ செய்ததும் இதுதான். செத்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். பிராட் ஸ்ட்ரீட் தண்ணீர் பம்ப்பைச் சுற்றியே குறிகள் மொய்த்தன. தண்ணீர்தான் எமன் என்பதற்கு அது பெரிய சாட்சியாகிவிட்டது.

செய்வதும் பிரம்ம வித்தை இல்லை. 'லீஃப்லெட்' என்று ஒரு இலவச புரோகிராம். கீவ் நகரத்து இளைஞர் ஒருவர் எழுதி 2011-ல் வெளிவந்தது. வரைபடத்துக்கு 2004-ல் ஆரம்பித்த 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்'. ஒரு படிவம், ஒரு பட்டியல், இந்த இரண்டு. ஆபீஸ் முடிந்து வந்து ஒரு வாரம் உட்கார்ந்தால் வரைபடம் ரெடி.

வம்பு அதற்கப்புறம்தான் ஆரம்பம்.

சென்னை எங்கே இருக்கிறது? அட்சரேகை 13, தீர்க்கரேகை 80. லீஃப்லெட்டுக்கு அட்சரேகையை முதலில் சொல்ல வேண்டும். ஆனால் இடங்களை எழுதி வைக்கும் 'ஜியோஜேசன்' முறையில் தீர்க்கரேகைதான் முதலில். இரண்டையும் குழப்பினால் மயிலாப்பூர் மாணவர் 80 டிகிரி வடக்கில், ஸ்வால்பார்டு தீவுகளுக்கும் அப்பால், ஆர்க்டிக் கடலில் மிதப்பார். பனிக்கரடிக்குப் பக்கத்தில்!

சிலர் ஊரையே எழுத மாட்டார்கள். காலி இடத்தைக் கம்ப்யூட்டர் பூஜ்யம், பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டால் ஆள் ஆப்பிரிக்காவின் கானாவுக்குத் தெற்கே, கினி வளைகுடாவில் விழுவார். இந்த இடத்துக்கு 'நல் ஐலண்ட்' என்று கிண்டலாகப் பெயரே வைத்திருக்கிறார்கள். தீவெல்லாம் கிடையாது, வெறும் தண்ணீர்.

இதுவரை சிரிப்புதான். அடுத்தது சிரிக்கிற சமாசாரம் இல்லை.

இன்டர்நெட் முகவரியை வைத்து ஊரைச் சொல்லும் ஒரு அமெரிக்க நிறுவனம், 'அமெரிக்காவில்தான், ஆனால் எங்கே என்று தெரியாது' என்கிற முகவரிகளையெல்லாம் நாட்டின் நடுவில் ஒரு புள்ளியில் போட்டு வைத்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள். அந்தப் புள்ளி கான்ஸாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டில் போய் விழுந்தது. விளைவு? இன்டர்நெட்டில் யார் மோசடி செய்தாலும், திருடினாலும், போலீஸ் அந்தப் பண்ணை வீட்டுக் கதவைத் தட்டியது. அங்கே இருந்தவர்களுக்குக் காரணமே புரியவில்லை. 2016-ல் விஷயம் பத்திரிகையில் வெளியான பிறகுதான், நிறுவனம் அந்தப் புள்ளியை ஒரு ஏரிக்கு நடுவே நகர்த்தியது.

'தெரியாது' என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் குண்டூசிக்குத் தெரியாது என்று சொல்லத் தெரியாது. குத்தினால் குத்தின இடம்தான்.

சரியாகக் குத்தினாலும் ஆபத்து உண்டு. 'உங்கள் தெருவில் ராத்திரி பயமில்லாமல் நடக்க முடிகிறதா?' என்று ஒரு கேள்வி. ஒரு பெண் மனசுவிட்டு எழுதுகிறார், தெருமுனையில் நிற்கிற ஆட்களைப் பற்றி. செல்போன் தருகிற இடத்தில் புள்ளிக்குப் பிறகு ஐந்தாறு இலக்கம் இருக்கும். ஐந்து இலக்கம் என்றால் சுமாராக ஒரு மீட்டர். அதாவது, அவர் வீட்டு மொட்டை மாடியிலேயே குண்டூசி! பக்கத்தில் பெயர், கீழே பதில். அதே ஆட்கள் பார்த்தால்?

ஆகவே வரைபடம் போடக் கிளம்பும் நண்பர்களே, நாலு காரியம் செய்யுங்கள். புள்ளிக்குப் பிறகு ஒரே ஒரு இலக்கம் வையுங்கள். குண்டூசி சுமார் பதினொரு கிலோமீட்டர் கட்டத்துக்குள் பொதுவாக நிற்கும், தண்ணீர்க் கதை தெரிய அது தாராளம். பெயரைத் திரையில் காட்டாதீர்கள். 'ஊரைச் சொல்ல விருப்பமில்லை' என்று ஒரு கட்டம் கொடுத்து, அந்தப் பதில்களைக் கடலில் தள்ளாமல் வரைபடத்துக்குப் பக்கத்தில் தனியாகப் போடுங்கள்.

நாலாவது, குத்துவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள்: 'இதுதானே உங்கள் ஊர்?'

நம்ம சேலத்துக்காரர், 'இல்லீங்க' என்று குண்டூசியைப் பிடித்து இழுத்து மேட்டூருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிடுவார். ரிடர்ன் டிக்கெட் செலவும் மிச்சம்!